முத்துச்சிப்பியும் நனைந்த கார்பெட்டும்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு தூத்துக்குடித் தெருமுனைகளில் மெத்தை, சோபா, கார்பெட் எல்லாம் குவிந்து கிடந்தன. கோரைப்பாய்கள் அந்தக் குவியலில் அதிகம் தென்படவில்லை. அவை தட்டட்டிக் கைப்பிடிச்சுவர்களில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே தண்ணீரில் நனைந்தவற்றில் ஒன்று குப்பைக்குப் போகிறது, இன்னொன்று மறுபடி விரிக்கப்படுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

பாய் நெய்யும் பத்தமடையில் நெசவுக்கு முன்பே கோரையை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பிக் காய்ந்த பிறகுதான் அது தறிக்குப் போகும். தண்ணீர் அதற்குப் புதிதில்லை. காற்றும் இரண்டு பக்கமும் படும். கார்பெட்டுக்கோ மேலே இழை, நடுவே பசை, அடியில் சணலோ ரப்பரோ. மேல்பக்கம் தொட்டால் காய்ந்தாற்போல் இருக்கும், அடி சொதசொதவென்றே கிடக்கும். பூஞ்சைக்கு இரண்டு நாள் ஈரம் போதும்.

அழுகல் எத்தனை நாளில் என்ன செய்யும் என்பது இந்தக் கரைக்குப் பழகிய கணக்கு. 1955 முதல் 1961 வரை இங்கே நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அப்போது சிப்பி அழுகும் வாடை ஊருக்குள் நுழையும் முன்பே மூக்கில் ஏறும் என்று என் பெரியப்பா சொல்வார். அள்ளிவந்த சிப்பியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் கட்டுப்படியாகாது. குவித்துப்போட்டு ஒரு வாரம், பத்து நாள் அழுகவிடுவார்கள். ஈ மொய்க்கும், புழு வைக்கும், அந்தப் புழுவே சதையைத் தின்று தீர்க்கும். பிறகு கடல் தண்ணீர் ஊற்றி அலசி அலசி, ஓட்டை எறிந்து, அடியில் தங்கிய மணலைத் துணியில் பரப்பிக் காயவைத்து முத்துப் பொறுக்குவார்கள். சீக்கிரம் அலசினால் சதையோடு முத்தும் போய்விடும். அதனால் அத்தனை நாள் அந்த வாடைக்குள்ளேயே காத்திருந்தார்கள். பெரியப்பா இதைச் சொல்லும்போது முகம் சுளித்ததே இல்லை. அதைத்தான் இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன்.

அழுகுவதிலும் காய்வதிலும் உப்புக்கும் பங்குண்டு. மீனில் உள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்வதால்தான் கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதே உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அலசிய கார்பெட் மார்கழிக் கொண்டல் காற்றில் காயவே காயாததற்குக் காரணம் இதுதான். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி என்றால் பகல் முடிவதற்குள் காய்ந்துவிடும். வெள்ளமோ மார்கழியில்தான் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெயிலுக்காகக் காத்திருக்க யாருக்கும் அவகாசமில்லை.

ஆகவே, கார்பெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னல் வழியே வந்த மழைச்சாரல் என்றால் அன்றைக்கே தரையிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, அடிப்பக்கம் காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்தாதீர்கள். அது கிடந்த தரையும் சுவரோரமும் ஓதம் நீங்கிக் காய்ந்த பிறகே திரும்ப விரியுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் பிளீச்சிங் பவுடரை நம்ப வேண்டாம். மேலே வெளுக்கும், உள்ளே பூஞ்சை இருக்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் அந்தக் கார்பெட் கிடக்கும் அறையில் அவர்களைப் படுக்கவைக்காதீர்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய கார்பெட்டை விலையைப் பார்க்காமல் வெளியே போட்டுவிடுங்கள். அந்த இடத்தில் விரிக்க ஒரு கோரைப்பாய் போதும். நெய்கிறவர்கள் பத்தமடையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமே வாங்குங்கள்.