பயிற்றுநரின் இரண்டாவது கடிதம்

கடந்த மாதம் ரொறொன்ரோவிலிருந்து என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, சின்னவளைக் கூடைப்பந்தாட்டத்துக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்று கேட்டிருக்குது. புலமைப்பரிசில் கிடைக்கும் போல இருக்கு” என்றான். குரலில் பெருமிதம் தெரிந்தது. மறுநாள் பயிற்றுநரின் கடிதத்தை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தான். இரண்டு பக்கங்கள் நிறையப் புகழ்ச்சி. புலமைப்பரிசில் என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை.

இருக்கவும் முடியாது. அக்கல்லூரி என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. 1973 இல் உருவான அப்பிரிவில் இன்று நானூறுக்கும் அதிகமான கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலானவை சிறியவை. விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் வழங்க அவற்றுக்கு அனுமதியில்லை. கல்வித் திறமைக்கும் குடும்பத்தின் பொருளாதாரத் தேவைக்கும் மட்டுமே உதவிப்பணம் கொடுக்கலாம்.

அப்படியானால் எதற்காக இவ்வளவு கடிதங்கள்? மாணவர் கட்டணத்தை நம்பியே நடக்கும் சிறு கல்லூரிகள் பலவற்றுக்கு விளையாட்டு அணி என்பது மாணவரைச் சேர்க்கும் வழியுமாகும். ஆடுகளத்தில் ஐவருக்கே இடமுண்டு. ஆனால் அந்த ஆசையில் இருபது பேர் கட்டணம் செலுத்திச் சேரக்கூடும். களமிறங்காத பிள்ளை இரண்டாம் ஆண்டில் அணியை விட்டு விலகுகிறது. சில வேளைகளில் கல்லூரியையும் விட்டுவிடுகிறது.

ஆள் சேர்ப்பதை நேர்மையாகவும் செய்யலாம் என்பதற்குக் கலிபோர்னியாவின் கால்டெக் உதாரணம். சுமார் ஆயிரம் இளநிலை மாணவரே பயிலும் அந்த நிறுவனத்தின் ஆடவர் கூடைப்பந்தாட்ட அணி 1985 முதல் தன் வட்டாரப் போட்டிகளில் தொடர்ந்து 310 முறை தோற்றது. 2008 இல் பொறுப்பேற்ற பயிற்றுநர் ஒலிவர் எஸ்லிங்கர், அங்கு படிக்கத் தகுதியும் விருப்பமும் கொண்ட ஆட்டக்காரர்களைத் தேடினார். அவர்களுக்காக அனுமதித் தரம் தாழ்த்தப்படவில்லை. 2011 பெப்ரவரி 22 இல் ஒக்சிடென்டல் கல்லூரியை 46–45 என வென்றார்கள். வெற்றிப் புள்ளியைப் பெற்றுத்தந்தவர் கணினி விஞ்ஞான மாணவர் ஒருவர். ஒரு போட்டியில்கூட வெல்லாதிருந்தாலும் அவர்களுக்கு அங்கு படிப்பு இருந்தது. நான் மதிப்பது அதைத்தான்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்பது வேறு விடயம். பாடசாலை விளையாட்டுச் செய்திகளை எழுதிய காலத்தில், கிராமத்து ஓட்டவீரன் ஒருவனைக் கொழும்புப் பாடசாலையொன்று அழைத்துக்கொண்டதை மகிழ்ச்சியோடு எழுதினேன். அடுத்த ஆண்டு காலில் காயம்பட்டு, படிப்பும் குழம்பி, அவன் ஊர் திரும்பினான். அதை நான் எழுதவில்லை.

ஆகவே மருமகனிடம் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். இவ்வாண்டு இதே இடத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்? நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அணியில் நிலைத்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? அவள் ஆடுவதை நிறுத்தினால் உதவிப்பணம் என்னவாகும்?

மூன்று நாட்களில் பதில் வந்தது. அவளுடைய இடத்துக்கு இன்னும் நால்வர் வருகிறார்கள். முன்னர் சேர்ந்த ஒன்பது பேரில் அணியில் நிலைத்தவர்கள் மூவர், பட்டம் பெற்றவர்கள் எண்மர். உதவிப்பணம் விளையாட்டோடு பிணைக்கப்படாததால் ஆட்டத்தை விட்டாலும் அது தொடரும். முதல் ஆண்டு பெரும்பாலும் வாங்கில் உட்கார நேரலாம் என்றும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார்.

இவற்றை முதற்கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் சேர்பவர் தொகை குறையும் என்று கல்லூரிகள் அஞ்சக்கூடும். ஆனால் அறிந்து வருபவர்களே நிலைத்து நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

சின்னவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. புகழ்ச்சி நிறைந்த முதற்கடிதத்தைவிட இரண்டாவது கடிதமே அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.