லடாக்குக்கு முன் ஜி.எஸ்.டி. சாலை

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் கிளம்பி, மண்ணிவாக்கத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பிடித்து, படப்பையைத் தாண்டினால் ஒரகடம் வந்துவிடும். 2016ல் சந்தைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இந்த வட்டாரத்து ஆலைகளில் உருவாகும் வண்டி. பெயரில் பனிமலை இருக்கிறது; பிறந்த மண்ணில் இருப்பவை ஏரிக்கரையும் செம்மண்ணும் ஜல்லி லாரியும்தான். வண்டியோடு வந்த டயர் தேய்ந்து, மாற்று டயர் வாங்கக் கடைக்குப் போகும் நாளில் இந்த முரண் எதிரே வந்து நிற்கிறது. வண்டியின் பெயருக்கு ஏற்ற டயரை வாங்குவதா, வண்டி ஓடும் ஊருக்கு ஏற்ற டயரை வாங்குவதா? ஹிமாலயன் மட்டுமல்ல, கே.டி.எம். 390 அட்வென்ச்சர், ஹீரோ எக்ஸ்பல்ஸ், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். என எந்த அட்வென்ச்சர் வண்டி வைத்திருப்பவருக்கும் இந்தக் கேள்வி வரும். ஊருக்கு ஏற்ற டயரையே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், நனைந்த தார்ச் சாலையில் பிடிமானம் தருவது எதுவோ அதுவே தென்சென்னைப் புறநகர்க்காரரின் டயர். மற்றத் தகுதிகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

முதலில் நாம் ஓட்டும் சாலைகளைக் கணக்கில் எடுப்போம். அன்றாடத்துக்குப் பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலை, மேடவாக்கம், பள்ளிக்கரணையைத் தொட்டுப் போகும் தாம்பரம்–வேளச்சேரி சாலை, பெருங்களத்தூரில் தொடங்கும் புறவழிச்சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறக்குறைய 62 கி.மீ. ஓடும் வெளிவட்டச் சாலை. வார இறுதிக்கு மாமல்லபுரமும் புதுச்சேரியும். இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலகிரி. இன்னும் ஒரு நாள் சேர்ந்தால் 70 வளைவுகள் ஏறிக் கொல்லிமலை. இவை அத்தனையும் தார்ச் சாலைகள். மண் பாதை வருவதெல்லாம் ஏரிக்கரையிலோ, அருவிக்குப் பிரியும் கடைசி ஓரிரு கிலோமீட்டரிலோ, தோட்டத்துக்குள் இருக்கும் விடுதி வாசலிலோதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடப்போகும் டயர், தன் வாழ்நாளில் மண்ணைத் தொடும் தூரம் சொற்பம். ஆனால் தண்ணீரைத் தொடும் தூரம் அப்படியில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் 1,400 மி.மீ. அளவிலான மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அது அபூர்வ மழைதான். ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரத் தாரில் அலுவலகம் போய்த் திரும்புவது இங்கே அபூர்வமே இல்லை. நம் டயர் எழுதும் கடினமான தேர்வு அந்த மூன்று மாதங்களில்தான் நடக்கிறது.

அந்தத் தேர்வில் எது கேள்வியாக வருகிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மழை என்றதும் டயர் தண்ணீர் மேல் மிதந்து போகும் அபாயத்தைத்தான் பலரும் சொல்வார்கள். 1960களில் நாசா விமான டயர்களை ஆராய்ந்து ஓர் எளிய கணக்கு தந்தது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். 25 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அது 45 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 83 கி.மீ. பைக் டயரின் முகம் வளைந்தும் ஒடுங்கியும் இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அதன் எல்லை இதைவிட மேலே. மழை நேரத்து ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அந்த வேகத்தை எட்டுவதே கடினம். எனவே புறநகரில் நம்மைக் கவிழ்ப்பது ஆழமான தண்ணீரைவிட மெல்லிய ஈரப்படலம்தான். பல வாரப் புழுதியும் எண்ணெய்க் கசிவும் முதல் தூறலில் குழைந்து உண்டாகும் வழவழப்பு, ஜீப்ரா கோட்டின் பெயின்ட், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, மேம்பால இணைப்பின் இரும்புப் பட்டை ஆகியவையே பகை. இவற்றின் மேல் பிரேக் பிடிக்கும்போது காப்பாற்றுவது ரப்பர் கலவையின் தரமும், சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பும். சிலிக்கா சேர்த்த கலவை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பது டயர்த் தொழிலில் நிலைபெற்ற உண்மை. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்றால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. டயரிடம் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பட்டன் டயர் தோற்கிறது. கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் பட்டன்கள் மண்ணிலும் மணலிலும் புதைந்து கடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. கடிப்பதற்கு ஏதும் இல்லாத தாரில் பட்டன்களின் தலை மட்டுமே சாலையைத் தொடும். இடையிலுள்ள பள்ளங்கள் வெறுமனே சுற்றும். அழுத்திப் பிரேக் பிடித்தால் உயரமான பட்டன்கள் வளைந்து நெளியும். கைப்பிடியில் வண்டி ஊசலாடுவதுபோல் தெரியும். வளைவில் சாய்க்கும்போது ஒரு பட்டன் வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு மாறும் இடத்தில் நம்பிக்கை குறையும். போதாக்குறைக்கு, நெடுஞ்சாலை வேகத்தில் இரைச்சல், நடுப்பகுதியில் விரைவான தேய்மானம். கடைக்காரர் 50/50 என்றோ 80/20 என்றோ சொல்லும் எண்கள் சாலைக்கும் மண்ணுக்கும் டயர் எந்த விகிதத்தில் ஏற்றது என்பதைச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறோம். அந்த விகிதத்தை அளக்கப் பொதுச் சோதனை எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் தாமே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண் அது. எண்ணைவிட டயரின் முகத்தைப் பார்ப்பது பயன்தரும்: நடுவில் ரப்பர் இடைவெளி குறைந்து தொடர்ச்சியாக ஓடுகிறதா, ஓரங்களில் மட்டும் கட்டைகள் அகன்று நிற்கின்றனவா, நீர் வழிய ஓரம் வரை பள்ளங்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தால் அது எங்கே ஓடப் பிறந்தது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு எதிராக வரும் முதல் வாதம் லடாக். வாழ்நாளில் ஒருமுறையாவது போகத்தானே இந்த வண்டியை வாங்கினோம் என்பார்கள். ஆசையில் குறையில்லை, கணக்கில்தான் குறை. சென்னையிலிருந்து நாக்பூர் வழியாக டெல்லி போகவே ஏறக்குறைய 2,200 கி.மீ.; அங்கிருந்து மணாலிக்கு இன்னும் 500 கி.மீ.க்கு மேல். மண் கண்ணில் படும் முன்பே பட்டன் டயரின் நடுப்பகுதி தேசிய நெடுஞ்சாலைக்குத் தன் உயரத்தைக் கொடுத்துவிட்டிருக்கும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயின் சேற்றைப் பெரும்பாலான பயணிகளின் வழியிலிருந்தே விலக்கிவிட்டது. மணாலி–லே வழியிலும் தார் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. மிஞ்சியிருக்கும் ஓடைக் கடவுகளையும் கல் பரப்பையும் நிதானமாக ஓட்டினால், சாலைப் பக்கம் சாய்ந்த இருபயன் டயரில் கடந்துவிடலாம். ஸன்ஸ்கார் போன்ற கரடுமுரடான பகுதிக்கே போவதென்று முடிவெடுத்தவர் வண்டியை ரயிலில் வடக்கே அனுப்பி, ரயில் சேரும் ஊரில் பட்டன் டயர் மாட்டிக்கொள்ளட்டும். மூன்று வாரப் பயணத்துக்காக மூன்று மழைக்காலங்களைப் பணயம் வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. நம் ஊரிலிருந்தே வருவது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மழைக்குப் பின் தெருவே காட்டுப்பாதைதானே, சாக்கடைக்குத் தோண்டி மூடாத தெருவைவிடவா ஒரு மலைப்பாதை என்பது அந்த வாதம். குழிகளைப் பற்றிய புகாரில் நானும் கட்சிதான். ஆனால் குழியில் விழும் வண்டியைக் காப்பவை 21 அங்குல முன்சக்கரமும், நீண்ட சஸ்பென்ஷனும், சரியான காற்றும், வலுவான சைடுவாலும். டயர் முகத்துப் பட்டனுக்கு அங்கே வேலையில்லை. தார் மேல் சிதறிக் கிடக்கும் எம்-சாண்டும் ஜல்லியும் எந்த டயரையும் உருட்டிவிடும். அங்கே வேகத்தைக் குறைப்பதே வழி. ஏரி நிலத்துக் களிமண்ணோ பட்டன்களின் இடைவெளியை நிரப்பி ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் போகையில் அது உதிராது. சிறிது தூரத்திலேயே பட்டன் டயரும் மொட்டை டயர்போல் ஆகிவிடும். வெள்ளத்தைப் பற்றியும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய தெருக்களில், தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருக்கிறதா என்பதை எந்த டயரும் சொல்லாது. அந்த நாளில் வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் அறிவு.

அப்படியானால் நேராகச் சாலை டயரையே மாட்டிவிடலாமே என்று மறுபக்கத்திலிருந்து கேட்கலாம். அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். 21 அங்குல முன்சக்கரத்துக்கு முழுச் சாலை டயர் இங்கே எளிதில் அமைவதில்லை. ஒரகடம் சாலையில் லாரிக்கு ஒதுங்கிச் சாலையோர மண்ணில் இறங்க நேரும்போதும், ஜவ்வாது மலையில் ஊருக்குள் பிரியும் மண் பாதையிலும் கொஞ்சம் கடிக்கும் முகம் வேண்டும். ஆகவே சாலையை முதன்மையாகவும் மண்ணைத் துணையாகவும் கொண்ட இடைநிலை டயரே என் தேர்வு. 2020ல் வந்த கே.டி.எம். 390 அட்வென்ச்சர் இந்த வகையைச் சேர்ந்த மெட்ஸ்லர் டூரன்ஸுடன்தான் வந்தது. இன்று சியட், எம்.ஆர்.எஃப்., அப்போலோ, மதுரையின் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா தரும் யூரோக்ரிப் ஆகியவற்றில் இந்த இடைநிலையைத் தேடலாம். வெளிநாட்டு டயர்தான் உயர்ந்தது என்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கிடங்கில் கிடந்து பழசான வெளிநாட்டு டயரைவிடப் புதிதாக வந்த உள்ளூர் டயர் மேல்.

விலையும் உழைப்பும் அடுத்த வாதம். கடினமான ரப்பர் அதிக தூரம் ஓடுமே என்பது உண்மை. ஈரத்தில் பிடிமானம் குறைவதுதான் அந்தத் தூரத்துக்கு நாம் கொடுக்கும் விலை. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி வரை நேர்கோட்டில் ஓடும் நெடுஞ்சாலையில் பின்டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். பட்டன் இன்னும் இருக்கிறது என்று அதையே ஏலகிரிக்குக் கொண்டுபோனால், தட்டையான முகத்திலிருந்து வளைந்த ஓரத்துக்கு வண்டி சட்டென விழும். வளைவு நம் கைக்குள் அடங்காது. மே மாதத் தார்ச் சூட்டில் காற்றைக் குறைத்து வைத்து ஓட்டுவது தேய்மானத்தை இன்னும் விரைவாக்கும். மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டி டயரில் குறைந்தது 0.8 மி.மீ. பள்ளம் இருந்தாக வேண்டும். சட்டம் குறிப்பது தண்டனையின் எல்லை. அதையே பாதுகாப்பின் எல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளம் ஆழமிழந்த டயர் செப்டம்பரில் இருந்தால் அக்டோபருக்கு முன்பே மாற்றுவது சிக்கனத்துக்கும் ஒத்த காரியம்தான், ஏனென்றால் விழுந்தால் ஆகும் செலவை டயர் விலையோடு ஒப்பிடவே முடியாது.

கடை வாசலில் பெரும்பாலும் நடக்கும் தவறு அளவில்தான். பின்னால் அகலமாகத் தெரிய வேண்டும் என்று ஓரிரு அளவு கூட்டி மாட்டுகிறார்கள். 120/90-17 என்றால் அகலம் 120 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 108 மி.மீ., ரிம் 17 அங்குலம். அதற்குப் பதில் 140/80-17 மாட்டினால் பக்கவாட்டு உயரம் 112 மி.மீ. ஆகி, மொத்த விட்டம் 8 மி.மீ. கூடும். விட்டத்தைவிட அகலமே பெரிய தொல்லை: ஒடுக்கமான ரிம்மில் டயர் கிள்ளப்பட்டு அதன் முகம் குவிந்து, வடிவமைத்த வளைவை இழக்கும், செயினும் மட்கார்டும் உரசும் அபாயமும் உண்டு. ஹிமாலயன் 411க்கு 120/90 என்றும், ஹிமாலயன் 450க்கு 140/80 என்றும் தயாரிப்பாளர் வைத்ததற்கு அந்தந்த ரிம்மே காரணம். சுமைக் குறியீட்டையும் குறைத்துவிடக் கூடாது. 64 என்றால் 280 கிலோ, 69 என்றால் 325 கிலோ. இருவர், இரண்டு பக்கப் பெட்டிகள், ஏறக்குறைய 200 கிலோ வண்டி எனக் கூட்டினால் அந்த எண் எதற்கு என்பது புரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, சைடுவாலின் நான்கிலக்க எண் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

ஆகவே தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் வட்டாரத்தில் அட்வென்ச்சர் வண்டி ஓட்டுபவருக்கு என் தீர்ப்பு இதுதான்: வண்டியோடு வந்த அளவிலேயே, நடுப்பகுதி நெருக்கமான சாலைமுக இருபயன் டயரை, முடிந்தால் முன்னும் பின்னும் ஒரே இணையாக, ஆறு மாதத்துக்குள் தயாரானதாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்கு ஒரு மாதம் முன்பே மாட்டுங்கள். புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பு நீங்க முதல் 150 கி.மீ. அளவுக்குப் பதமாக ஓட்ட வேண்டும். தாம்பரத்திலிருந்து புதுச்சேரி வரை நிதானமாக ஒருமுறை போனால் ஏறக்குறைய அது முடிந்துவிடும். மாதத்துக்கு இருமுறையாவது, டயர் சூடாகும் முன் காற்றைப் பாருங்கள்.