பட்டியல் கொடுத்தேன், வழி காட்டவில்லை



என்னிடம் ஆறாண்டுகள் படித்துச் சென்ற ஒரு மாணவனைப் பற்றி இன்று எழுதுகிறேன். உண்மையில் அவனைப் பற்றி எழுதுவதைவிட, அவன் பொருட்டு நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன் என்பதே பொருந்தும். நம்மில் பலரும் நல்லெண்ணத்தோடு செய்கின்ற தவறு அது.

அவன் ஜாசின் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளை. பாட்டி பால்மரம் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவுவிலை வீட்டுக்கு வந்தது. தாயார் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் இரவு, பகல் என மாறி மாறி வேலை செய்கிறார். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் உயர்கல்விக்குப் போனவன் இவன்தான். தகவல் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு.

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு என் இல்லம் வந்தான். பலகாரத்தைத் தொடவில்லை. இணைய நிரலாக்கம், வணிகச் செயல்முறை வரைவியல் ஆகிய இரு பாடங்களிலும் தேர்ச்சி பெறவில்லை என்றான்.

“இன்னொரு முறை தவறினால் நின்றுவிடுவேன் ஐயா. சிங்கப்பூரில் கிடங்கு வேலை இருக்கிறதாம். சித்தப்பா கூப்பிடுகிறார். கல்விக் கடன் வேறு ஏறிக்கொண்டே போகிறது.”

கிடங்கு வேலை இழிவானதன்று. ஆனால், விரும்பிப் போவது வேறு. தோற்று ஓடுவது வேறு. அன்றிரவே கணினியின் முன் அமர்ந்தேன். நிரலாக்கம் கற்பிக்கும் தளங்கள், காணொலிகள், மின்னூல்கள் எனத் தேடித் தேடி முப்பத்து நான்கு முகவரிகளைத் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆசிரியர் கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு உறங்கினேன்!

2023 பிப்ரவரியில் அவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “பதினொரு தளங்களைத் திறந்தேன் ஐயா. எல்லாம் ஒன்றாம் பாடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஒன்றாம் பாடத்தை மட்டும் பதினொரு முறை படித்துவிட்டேன்.”

நாணிப் போனேன். நீந்தத் தெரியாதவனுக்குக் கடலின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை முதல் வாரம் ஒருமுறை அவனோடு அமர்வது என்று முடிவு செய்தேன். எனக்கும் நிரலாக்கம் தெரியாது. அதனால் என்ன? உடன் அமர்ந்து கற்கலாமே!

வளங்களைக் குறைத்தோம்

முதலில் பட்டியலைக் கிழித்தோம். மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒன்று, ‘கணியம்’ வெளியிட்டுள்ள தமிழ் மின்னூல்கள். 2012-இல் தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் தொடங்கிய மின்னிதழ் கணியம். ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., மைஎஸ்க்யூஎல் முதலியவற்றுக்கு நூல்கள் உள்ளன. விலையில்லை. கணினியில் தமிழை எழுதுவதற்கு 1985-லேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர் நம் நாட்டின் முத்து நெடுமாறன் அவர்கள். தமிழில் எழுத வழி பிறந்த பின், தமிழில் கணினியைக் கற்கவும் வழி பிறந்திருக்கிறது. நாம்தான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

இரண்டு, மொசில்லா நிறுவனம் 2005-இல் தொடங்கிய எம்.டி.என். ஆவணத்தளம். ஐயம் வந்தால் தேடிப் பார்க்கும் அகராதியாக மட்டுமே அதைப் பயன்படுத்தினோம். அகராதியை முதற்பக்கத்திலிருந்து படிப்பார் உண்டோ?

மூன்று, 2014-இல் அமெரிக்காவில் குயின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப். சிறு சிறு பயிற்சிகளாக அமைந்தது. ஒன்றைச் செய்து முடித்தால் அடுத்ததற்குச் செல்லலாம். கட்டணம் இல்லை.

அவனுக்கு இருந்த இன்னொரு தடையும் அப்போதுதான் தெரிந்தது. ஆறாம் ஆண்டுவரை தமிழில் சிந்தித்தவன், இடைநிலைப்பள்ளியில் மலாய், பட்டயப் படிப்பில் ஆங்கிலம். மூன்று மொழியிலும் சொற்கள் தெரியும். அவை ஒரே பொருளைக் குறிப்பன என்பதுதான் தெரியவில்லை. ஒரு பழைய பயிற்றேட்டில் மூன்று பத்திகள் வரைந்தோம். மாறி, பெம்போலே உபா, வேரியபிள். மடக்கு, கெலுங், லூப். இப்படியே எழுதி வந்தான். இருநூறு சொற்களைத் தாண்டியபோது அச்சம் பாதி குறைந்துவிட்டது.

வரைபடம் என்னும் மதில்

நிரலாக்கம் மெல்ல நகர்ந்தது. செயல்முறை வரைவியலோ நகரவே இல்லை. ஒரு நிறுவனத்தில் வேலை எங்கே தொடங்கி, யார் யார் கைமாறி, எங்கே முடிகிறது என்பதைக் குறியீடுகளால் வரையும் கலை அது. புதிய கலையுமன்று. கில்பிரெத் தம்பதியர் 1921-லேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தில் செயல்முறை வரைபடத்தை அறிமுகம் செய்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் பி.பி.எம்.என். குறியீட்டு முறை 2004-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2011-இல் வந்து, 2013-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது.

அந்தத் தர ஆவணம் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் தொடக்க மாணவனுக்கு அது உதவாது. தேவையான குறியீடுகள் சிலவே. மெல்லிய வட்டம் தொடக்கம். தடித்த வட்டம் முடிவு. முனை மழுங்கிய செவ்வகம் ஒரு பணி. சாய்சதுரம் வழி பிரியும் இடம். அம்புக்குறி வரிசை. ஆளுக்கொரு தடம், அவரவர் பணி அவரவர் தடத்தில். வரைவதற்கு பிபிஎம்என்.ஐஓ என்ற தளத்தில் இலவசக் கருவி இருக்கிறது. நாங்கள் முதலில் பென்சிலால்தான் வரைந்தோம்.

இவ்வளவும் அவனுக்கு மனப்பாடம். ஆனால், பாடநூலின் எடுத்துக்காட்டுகளான காப்பீட்டுக் கோரிக்கையையும் கொள்முதல் ஆணையையும் அவன் கண்ணால் கண்டதில்லை. காணாத வேலையை எப்படி வரைவான்?

“நீ கண்ட வேலை எது?” என்று கேட்டேன்.

“பாட்டி சொல்லும் பால்வெட்டு வேலைதான் ஐயா” என்றான் சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

பாட்டி நடத்திய பாடம்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் உருவானது நம் மலாக்காவில்தான். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் தொடர்ந்தார். மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் வகுத்தவர் ஹென்றி ரிட்லி. அன்று தொடங்கி தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் ஒரே செயல்முறையை விடியற்காலைதோறும் நிகழ்த்தி வந்திருக்கிறார்கள். அதைக் காட்டிலும் நன்கறிந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டுமா?

அவன் வீட்டிற்கே சென்றோம். பாட்டி நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, பேரன் வரைந்தான். பெரட்டுக்குப் போவது, நிரைக்குப் போவது, வெட்டுவது, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் சேர்ப்பது, கொட்டகைக்குக் கொண்டுவருவது, நிறுப்பது, கிராணி எழுதுவது, சம்பளம். தொழிலாளி, மண்டோர், கிராணி என மூன்று தடங்கள். நேரான, அழகான படம். பாட்டியிடம் விளக்கிக் காட்டினான்.

அவர் கேட்டார்: “மழைய எங்கப்பா காணோம்?”

உடனே ஒரு சாய்சதுரம் வரைந்து ‘மழையா?’ என்று எழுதினான். பாட்டிக்கு நிறைவில்லை.

“பெரட்டுலயே மழைன்னா வெட்டலாமா வேணாமான்னு மண்டோர் சொல்லுவாரு. வெட்டிக்கிட்டு இருக்கறப்ப மழை வந்தா யாரப் போய் கேக்கறது? அது பாட்டுக்கு வந்துரும். போட்டதப் போட்டபடி ஓட வேண்டியதுதான்.”

பேரன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அவன் தேர்வில் மதிப்பெண் இழந்ததே இந்த இடத்தில்தான். முடிவெடுக்கும் இடம் வேறு, நிகழ்வு வேறு. யாரேனும் முன்கூட்டித் தெரிந்த செய்தியைக் கொண்டு வழியைப் பிரித்தால் அது சாய்சதுரம். பணி நடந்துகொண்டிருக்கும்போது புறத்திலிருந்து ஒன்று வந்து அதை நிறுத்தினால், பணிச் செவ்வகத்தின் விளிம்பிலேயே ஒட்டி வரைய வேண்டிய நிகழ்வு வட்டம். விரிவுரையில் கேட்டும் விளங்காததை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இரண்டு வரியில் பிரித்துக் காட்டிவிட்டார்.

படம் இன்னொன்றையும் காட்டியது. எடை பதியும் பணி கிராணியின் தடத்தில் இருந்தது. அங்கிருந்து தொழிலாளியின் தடத்திற்கு ஓர் அம்புகூடத் திரும்பி வரவில்லை.

“எத்தனை ராத்தல்னு உங்களுக்குச் சொல்ல மாட்டாங்களா பாட்டி?”

“சொல்லுவாங்க. எழுதுனது அதுதானான்னு நாங்க பாத்ததில்ல. படிக்கத் தெரிஞ்சாத்தானே!”

பாலின் எடை மட்டும் போதாது. அதில் எத்தனை விழுக்காடு ரப்பர் என்பதையும் அளந்தே கணக்கிடுவர். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அந்த அளவும் பாட்டியின் கண்ணில் பட்டதில்லை. யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. தம் உழைப்பின் கணக்கு தம் கண்ணுக்கு எட்டாமலே ஒருவர் முப்பதாண்டு உழைத்திருக்கிறார் என்பதைத்தான் அந்தப் படம் சொல்லாமல் சொன்னது.

படமே நிரலானது

அதன் பிறகு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அந்தத் திரும்பி வராத அம்பைத் தானே உருவாக்கப் போவதாகச் சொன்னான். படத்தை வைத்தே இணையப் பக்கங்களை எழுதத் தொடங்கினான். இரு பாடங்களும் ஒன்றுக்கொன்று அண்டைவீடு என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கிற்று.

ஒவ்வொரு தடமும் ஒரு பயனர். அவரவர்க்குத் தனி நுழைவு, தனி உரிமை. ஒவ்வொரு பணியும் ஒரு படிவம் அல்லது பக்கம். சாய்சதுரம் நிரலில் ‘இப்படியானால், இல்லையேல்’ என்னும் கட்டளை. எழுதி வைக்கும் பதிவேடு தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை. 24 கிலோ பால், 35 விழுக்காடு என்று இட்டால் 8.4 கிலோ ரப்பர் எனக் கணக்கிட்டுத் தொழிலாளியின் பக்கத்திலும் காட்டியது அவனது நிரல். 35-க்குப் பதில் 350 என்று தவறாக இட்டால் உலாவியில் மட்டுமன்றி வழங்கியிலும் தடுக்க வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கை வைத்தே கற்றான்.

முடித்ததும் பாட்டியிடம் காட்டினான். திரையை உற்றுப் பார்த்தவர் கேட்டார்: “மழை நாளுக்கு என்னா எழுதுவ?” அந்த நாள் பக்கத்தில் வெற்றிடமாக இருந்தது. வெட்டு இல்லையென்றாலும் அவர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போன நாள் அது. ‘வந்தார், மழை’ என்று ஒரு பதிவைச் சேர்த்தான்.

2023-இல் மறுதேர்வு எழுதி இரு பாடங்களிலும் தேறினான். ஒன்றில் நல்ல மதிப்பெண். மற்றொன்றில் தட்டுத் தடுமாறித்தான். இப்போது மலாக்கா நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் பணிபுரிகிறான். பெரிய வெற்றிக்கதை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஓடாமல் நின்றான்; அது போதும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே! முன்னாள் மாணவன் உதவி கேட்டு வந்தால் முகவரிப் பட்டியலை நீட்டாதீர்கள். கற்க ஒன்று, தேட ஒன்று, பயில ஒன்று என மூன்று போதும். வாரம் ஒரு மணி நேரம் உடன் அமருங்கள். உங்களுக்கு நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. “இது என்ன? எனக்கு விளக்கு” என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

நம் பள்ளியிலேயே செயல்முறைகள் நிறைந்து கிடக்கின்றன. நூலகத்தில் நூல் இரவல் கொடுப்பது, பாடநூல் கடனுதவித் திட்டம், சிற்றுண்டிச்சாலை, பள்ளிப் பேருந்து. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு ஒன்றை வரையச் செய்யுங்கள். வட்டம், செவ்வகம், சாய்சதுரம் அவர்கள் அறிந்த வடிவங்கள்தாமே! ‘நூலைத் தொலைத்துவிட்டால்?’ என்று யாரேனும் ஒரு குழந்தை கேட்டுவிட்டால், அங்கே பாடம் தொடங்கிவிட்டது.

பெற்றோர்களே! “எங்களுக்குக் கணினி தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லித்தர முடியும்?” என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் தொழிற்சாலையில், செம்பனைத் தோட்டத்தில், கடையில் செய்யும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை பிள்ளையிடம் சொல்லுங்கள். எங்கே தடைபடும், யார் ஒப்பமிட வேண்டும், என்ன எழுதப்படுகிறது, யார் அதைப் பார்ப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு இணையான பாடநூல் எந்தத் தளத்திலும் இல்லை.

அந்தப் பென்சில் படத்தைப் பேரன் இன்னும் வைத்திருக்கிறான். ‘பால் வெட்டு’ என்ற செவ்வகத்தின் விளிம்பில் சின்னதாய் ஒரு வட்டம். அதன் அருகில் ‘மழை’ என்று எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னவர் பாட்டி.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியன்