கூழாங்கல்லில் ஏறும் படகுகள்

போன கோடையில் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்து பெரியம்மா வந்திருந்தார். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஹேஸ்டிங்ஸ் கரையில் இறங்கி நாலு அடி வைத்ததும் செருப்பு கூழாங்கல்லில் புதைய நின்றுவிட்டார். “கடற்கரை எண்டு கூட்டிக்கொண்டு வந்தனீ தம்பி, மண்ணையே காணேல்லை.”

“வற்று நேரம் வந்தால் மண் தெரியும் பெரியம்மா. இப்ப பெருக்கு.”

“அப்ப இங்க பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?”

இந்த ஊரில் இருபது வருடமாக இருக்கிறேன். வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். விளம்பரத் தாள்களில் இதற்கு ஆயத்தமாக ஒரு பட்டியல் இருக்கும்: மலைமேல் இடிந்த நோர்மன் கோட்டை, அதன் அருகே கடத்தல்காரர் கதை சொல்லும் குகை, இரண்டு மலைக்கும் ஏறுகிற கம்பி ரயில், கரையோரம் மினி கோல்ஃப், மீனும் சிப்ஸும். பிள்ளைகளோடு வருபவர்கள் இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். கிழக்கு மலைக் கம்பி ரயில் 1902இல் ஓடத் தொடங்கியது. செங்குத்தான பாறையில் ஏறும் அதன் பெட்டிக்குள் நின்று திரும்பிப் பார்த்தால் பழைய நகரத்தின் ஓட்டுக்கூரைகள் மொத்தமும் காலுக்குக் கீழே கிடக்கும். மேற்கு மலையின் ரயில் 1891இலேயே வந்தது. அது சுரங்கத்துக்குள்ளால் ஏறுவதால் வழியில் காட்சி இல்லை.

1066ஆம் ஆண்டு நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தப் போர் நடந்தது இந்த ஊரில் அல்ல; பத்துக் கிலோமீட்டர் தள்ளி, இன்று பேட்டில் என்றே பெயர் கொண்ட இடத்தில். அரசனுக்குக் கப்பல் கொடுத்த ஐந்து துறைமுகங்களில் ஒன்றாக இருந்து, ரயில் வந்தபின் உல்லாச நகரமானது ஹேஸ்டிங்ஸ். ஊரின் அதிகாரபூர்வ வரலாறு இவ்வளவுதான்.

நான் விருந்தாளிகளை முதலில் கூட்டிப்போவது ரொக்-அ-நோர் வீதிக்கு. ஸ்டேஷனில் இருந்து கடலோரமாகக் கிழக்கே இருபது, இருபத்தைந்து நிமிட நடை. வீதி முடியப்போகிற இடத்தில், மலைப்பாறை கடலை நெருக்கி வருகிற இடத்தில், கன்னங்கரேலென்று மர வாடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது அடிச் சதுரம். ஆனால் மூன்று தட்டு உயரம். எங்கள் ஊர்க் கரைகளில் வலை வைக்கிற வாடியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்துவிட்டது போன்ற தோற்றம். ‘நெட் ஷாப்’ என்பது இங்கத்தைய பெயர். ஷாப் என்றாலும் இங்கே யாரும் எதையும் விற்றதில்லை. இவை வலைகளை வைக்கும் அறைகள்.

இத்தனை உயரம் ஏன் என்று பெரியம்மாவும் கேட்டார். அந்தக் காலத்தில் இந்தக் கரை மிகவும் ஒடுங்கியது. பாறைக்கும் தண்ணீருக்கும் இடையில் கிடைத்த துண்டு நிலத்தைப் படகுக்காரர் அனைவரும் பங்குபோட வேண்டியிருந்ததால், பக்கவாட்டில் கட்ட வழியில்லாமல் மேலே கட்டினார்கள். அலை அடியால் புகுந்து போகட்டும் என்று சிலவற்றைக் கால்மேல் நிறுத்தினார்கள். பிறகு கரையில் தடுப்புகள் கட்டப்பட, அலை கொண்டுவந்த கூழாங்கல் அவற்றில் தங்கித் தங்கிக் கரை அகன்றது. இன்று வாடிகளில் இருந்து கடலுக்கு ஒரு நல்ல நடை இருக்கிறது. கடல் அவ்வளவு தூரம் பின்வாங்கிய பிறகும் வாடிகள் பழைய நெருக்கத்தோடுதான் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.

கிட்டப் போய்ப் பாருங்கள். பலகைக்குமேல் பலகை ஏறி நிற்க, மேலே கீல் பூசியிருக்கும். வெயில் ஏறினால் அந்தக் கீல் வாசம் வீதி முழுக்க நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கதவு. பருத்தியாலும் சணலாலும் வலை பின்னிய காலத்தில் இவற்றைக் கட்டினார்கள். நூல்வலையை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்துப்போகும். காயவைத்து உள்ளே தொங்கவிட வேண்டும். மீனுக்கு மீன் வலை வேறு. கானாங்கெளுத்தி வலை, ஹெர்ரிங் வலை, இழுவை வலை என்று தட்டுத் தட்டாக இருக்கும். உளுக்காமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் அவித்தார்கள். பின்னாளில் இங்கிலாந்துக் கரைகளுக்குப் பர்மாவில் இருந்து காசுக்கட்டி கப்பலில் வந்தது. நாம் வெற்றிலையோடு மெல்லுகிற அதே காசுக்கட்டிதான். எங்கள் பக்கத்தில் பனிச்சங்காய் இடித்து வலைக்குச் சாயம் போட்டதைப் பெரியம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இதைச் சொன்னதும் அவர் ஒரு வாடியின் பலகையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கோட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நைலோன் வலை வந்தது. உளுக்கிற கவலை போனது. வாடிகளுக்கு இருந்த முதல் வேலையும் அதோடு போய்விட்டது. நாற்பதளவில் இன்னும் நிற்கின்றன. சட்டப் பாதுகாப்பும் உண்டு.

வாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தேவாலயம். மீனவருக்கென்று 1854இல் கட்டியது. இரண்டாம் உலகப் போரோடு வழிபாடு நின்று, 1956இல் மீனவர் அருங்காட்சியகமாயிற்று. உள்ளே நடுக்கூடத்தை அடைத்துக்கொண்டு 1912இல் கட்டிய ‘என்டர்பிரைஸ்’ என்ற பாய்மரப் படகு நிற்கிறது. அதை உள்ளே கொண்டுவரச் சுவரை உடைத்திருக்கிறார்கள். படகின் மேலேறி நின்று பார்க்கலாம். பலகைகளின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் விதத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கல்லில் மோதி மோதி ஏற வேண்டிய உடம்பு அது.

இந்த ஊருக்கு இன்று துறைமுகம் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் ஊரே புரிந்துவிடும். 1896இல் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் கை ஒன்று பாதியில் நின்று, கடலுக்குள் உடைந்து கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு படகும் தினமும் கல்லில் ஏறி, கல்லில் இருந்து இறங்க வேண்டும். கரையில் இருந்து இறக்கும் மீன்பிடிப் படகுகளில் ஐரோப்பாவிலேயே பெரிய கூட்டம் இதுதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கரைக்கு ஸ்டேட் என்று பெயர். படகு ஏறும் இடம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்.

படகு வருவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். தூரத்தில் கடற்பறவைக் கூட்டம் தெரியும். அதன் கீழே படகு. கரையை நெருங்கியதும் வேகத்தைக் குறைக்காமல், இயந்திரத்தை முழு வீச்சில் விட்டு, மூக்கால் கல்லில் ஏறும். அந்தச் சத்தம் நெஞ்சில் விழும். கரையில் காத்து நிற்பவர் கம்பிவடத்தின் கொக்கியை மூக்கில் மாட்டிவிட்டுக் கை காட்டுவார். மேலே சிறு கொட்டிலுக்குள் சுழல் இயந்திரம் உறும, வடம் விறைத்து, படகு அங்குலம் அங்குலமாக ஏறும். அடியில் கட்டை போடுகிறவர் ஓடி ஓடிப் பின்கட்டையை எடுத்து முன்னே வைப்பார். ஒரு காலத்தில் சுழல் மரத்தில் குதிரை பூட்டி இழுத்தார்கள். திரும்பக் கடலில் தள்ளுவதற்கு இப்போது புல்டோசர் இருக்கிறது. படகின் பக்கத்தில் ஆர்எக்ஸ் என்று எழுத்தும் எண்ணும் பார்த்தால், அது பக்கத்து ரை துறைமுகத்தின் பதிவு. கல்லில் ஏற வேண்டும் என்பதால் படகுகள் பத்து மீட்டருக்குள்தான் இருக்கும். சிறு படகு, சிறு வலை. கடலை வழித்துத் துடைக்கிற தொழில் அல்ல இது. நாக்குமீன், ப்ளைஸ், கானாங்கெளுத்தி, கணவாய் எல்லாம் அன்றைக்கே வீதியோரக் கடைகளுக்கு வந்துவிடும். நாக்குமீன் வாங்குங்கள், மிளகும் உப்பும் மட்டும் போட்டுப் பொரியுங்கள்.

மீனவர்கள் 1900இல் தொடங்கிய ஊரிச் சங்கம் ஒன்றும் உண்டு. விங்கிள் கிளப் என்பார்கள். ஏழைப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு ஊரியைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். யாராவது “விங்கிள் அப்” என்றால் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தண்டப்பணம். வின்ஸ்டன் சர்ச்சிலும் இதில் அங்கத்தவராக இருந்தார்.

இனிச் சொல்வதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலமான பியர், 1872இல் திறந்த பியர், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாடிய பியர், 2010இல் தீயில் போனது. ஊர்மக்கள் காசு போட்டுப் பங்கு வாங்கினார்கள். லொத்தர் நிதியும் வந்தது. 2016இல் திறந்து, அடுத்த வருடம் நாட்டின் மிகப் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசும் கிடைத்தது. அதே வருடம் அதை நடத்திய அறக்கட்டளை முறிந்து, 2018இல் பியர் தனியாருக்கு விற்கப்பட்டது. பங்குக்காரர் கையில் இன்று இருப்பது ஒரு தாள். ஆயிரம் ஆயிரமாய்ச் சேர்ந்து மீட்ட சொத்தை இப்படிக் கைவிட்டிருக்கக் கூடாது.

படகுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மாரியில் கூடை கூடையாக வந்த காட் மீன் இப்போது அரிது. நாட்டின் மீன்பிடி ஒதுக்கீட்டில் சிறு படகுகளுக்குக் கிடைப்பது சொற்பம்; பெரும் பங்கு பெரிய கப்பல்களுக்கே. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் எல்லாம் மாறும் என்று சொன்னவர்கள் இந்தக் கரைக்கு மறுபடி வந்து ஒரு கணக்கும் சொல்லவில்லை. பெருமழை பெய்தால் கழிவுநீர் கடலில் கலக்கிறது. அந்த வாரம் குளிக்க இறங்க வேண்டாம் என்று நானே வருகிறவர்களைத் தடுக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய வலி வீடு. ஓல் செயின்ட்ஸ் வீதியில் நடந்து பாருங்கள். வளைந்த உத்தரமும் சரிந்த மாடியுமாக, மீனவர் குடும்பங்கள் தலைமுறையாக இருந்த வீடுகள். இன்று கதவுக்குக் கதவு எண்பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி தொங்குகிறது. வெள்ளிக்கிழமை ஆள் வரும், ஞாயிறு போகும். மாரியில் சன்னலில் விளக்கே இல்லை. லண்டனில் இருந்து வந்து வாங்குகிறவர்களின் விலைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனக்கு வழக்கமாக மீன் தருகிறவரின் மகனும் படகில்தான் போகிறான். அவனுக்கு வாடகைக்கு அறை கிடைத்தது மலைக்குப் பின்னால், கரையில் இருந்து முக்கால் மணி நேர நடையில். பெருக்கு சில நாள் விடிகாலை மூன்று மணிக்கு ஏறும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது.