பன்னிரண்டு கிளிக்கில் ஒரு கண்மாய்

ட்ரைபாட் வாங்கின பாதிப் பேர் அதோட தலைக்குக் கீழே இருக்கிற வட்டத் தட்டைக் கண்டுக்கிறதே இல்லை. 0, 30, 60 என்று கோடு போட்டு 360 வரைக்கும் எண் எழுதியிருக்கும். அதுக்குப் பேர் பேனிங் பேஸ். கேமராவைச் சாய்க்காம, தூக்காம, சுத்த மட்டும் விடும். நான் சுழல் தட்டு என்று சொல்லுவேன். நாலு வருஷமா என் கேமராவைவிட எனக்கு அதிகம் உழைச்சது இந்தத் தட்டுதான்.

சித்தன்னவாசலுக்கு வர்றவங்க மலையிலே ஏழடிப்பட்டம் ஏறி, சமணர் படுக்கையைப் பார்த்துட்டு, அறிவர் கோயில் விதானத்துல தாமரைக் குளம் ஓவியத்தை அண்ணாந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க.  தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற இடத்துல அனுமதி இல்லாம ட்ரைபாட் விரிக்கக் கூடாது. அதனால நான் மலைப்பக்கம் போறதில்லை. எங்க கண்மாய்க் கரையில, நடு மடைக்குப் பக்கத்துல, ஒரு கல் பதிஞ்ச இடம் இருக்கு. அங்கே நின்னா எதிர்ல தண்ணி, தண்ணிக்கு அந்தாண்ட மலை. 2021 தையிலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, தையிலயும் வைகாசியிலயும், அதே கல்லு மேல நின்னு ஒரு முழுச் சுத்து எடுக்கிறேன். மலை உச்சிதான் 0 டிகிரி. அங்கேர்ந்து 30 டிகிரிக்கு ஒண்ணு, மொத்தம் 12 படம்.

ஏன் 12? என் கேமராவோட கிட் லென்ஸை 18 எம்.எம்.ல வச்சு, கேமராவை நெட்டுக்குத்தா நிறுத்தினா, ஒரு படத்துல அகலவாக்குல சுமார் 47 டிகிரி விழும். 30 டிகிரி திருப்பினா ரெண்டு படத்துக்கும் பொதுவா 17 டிகிரி மிஞ்சும். மூணுல ஒரு பங்குக்கு மேல. ஹூகின் மாதிரி இலவச மென்பொருள் ஒட்டுறதுக்கு அது தாராளம்.

கரையில எங்கேயும் சமதளம் கிடையாது. ஒரு கால் உள்வாயில நீளும், ஒரு கால் குட்டையா இருக்கும். தட்டு சாய்ஞ்சிருக்கிறப்ப மேலே இருக்கிற பந்துத் தலையைத் தளர்த்திக் கேமராவை நேராக்கினா, மலையைப் பார்க்கிறப்ப நேராத்தான் தெரியும். 90 டிகிரி திருப்புங்க, கண்மாய்த் தண்ணி ஒரு பக்கமா ஊத்திடும் போல நிக்கும். நட்ட கம்பம் சாய்ஞ்ச செக்கு மாதிரி. அதனால பந்துக்கு மேலே மாட்டுற சின்னச் சுழல் தட்டு ஒண்ணு தனியா வாங்கினேன். இப்ப பந்தை அசைச்சு, தட்டுல இருக்கிற குமிழை நடுவுக்குக் கொண்டு வந்து இறுக்கிட்டா, அதுக்கு மேலே சுத்துறது எல்லாம் மட்டம். பரம்பு சரியா அடிச்ச வயல்ல தண்ணி நாலு மூலைக்கும் ஒரே மாதிரி ஏறுமே, அந்தக் கணக்குதான்.

இன்னொரு சங்கதி. கேமராவோட அடியில இருக்கிற திருகைச் சுத்தியே திருப்பினா, பக்கத்துல இருக்கிற மடைக்கல் ஒரு படத்துல மலைக்கு இடப்பக்கமும் அடுத்த படத்துல கொஞ்சம் தள்ளியும் நிக்கும். ஒட்டுறப்ப கல்லு ரெண்டாகிடும். ஒரு கண்ணை மாத்தி மாத்தி மூடி விரலைப் பார்த்தீங்கன்னா தெரியும். சுழற்சி, லென்ஸுக்குள்ளே வெளிச்சம் நுழையிற புள்ளிக்கு நேர் கீழே இருக்கணும். நாலடி தூரத்துல ஒரு மூங்கில் கழியை நட்டு, தூரத்து மின்கம்பத்தோட அதை ஒரே கோட்டுல வச்சுக்கிட்டுத் திருப்பணும். கழி விலகினா கேமராவைத் தண்டுல பின்னாடி தள்ளணும். விலகாத இடம் கிடைச்சதும் அதுல நகப்பூச்சால ஒரு கோடு போட்டு வச்சேன். வீட்டுல கேக்காம எடுத்த நகப்பூச்சு. வெளிச்சம், ஃபோகஸ், நிறம் எல்லாத்தையும் ஆட்டோவிலேர்ந்து எடுத்துடுங்க. இல்லைன்னா வானம் பட்டை பட்டையா வரும். அழகு வேணும்னா காலையில ஆறு மணி. எனக்கு வேண்டியது கணக்கு, அதனால பதினோரு மணி. சூரியன் எந்தப் படத்துக்குள்ளயும் வராது.

சேர்த்து ஒட்டுறது ஒண்ணும் புது வித்தை இல்லை. லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ கேப்டன் மதராஸ் அரசுக்காக 1858-ல தஞ்சாவூர் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்து அடியில சுத்தி ஓடுற கல்வெட்டை 21 நெகட்டிவ்ல எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல நீளமா ஒரே படமாக்கினார். அதே வருஷம் நம்ம புதுக்கோட்டைக்கும் வந்து எடுத்திருக்கார். ஆனா அவர் செஞ்சது நடந்துக்கிட்டே எடுக்கிறது. சுவத்துக்கு அதுதான் சரி. கண்மாய்க்கு ஓரிடத்துல நின்னு சுத்தணும்.

டிகிரி போட்ட தட்டுன்னா அதுக்குப் பெரியண்ணன் சர்வேக்காரங்களோட தியோடலைட். லாம்டன் 1808-ல அரை டன் எடையுள்ள தியோடலைட்டை அதே தஞ்சைக் கோயில் மேல ஏத்துறப்ப கயிறு அறுந்து நசுங்கிடுச்சு. ஒதுங்கி உக்காந்து வாரக்கணக்கா அதை அவரே தட்டிச் சரி பண்ணினாராம். என் தட்டு அரைக் கிலோகூட வராது. ஆனா அதுவும் இதுவும் செய்யிறது ஒண்ணுதான், பார்வைக்கு ஒரு எண் கொடுக்குது. எண் இருந்தா அடுத்த வருஷமும் அதே இடத்தைப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்ததுலதான் வந்தது வினை. ஊர்ல கண்மாய் தூர்வாரணும்னு பேச்சு. கருவேல் எவ்வளவு பரவியிருக்கு, உள்வாய் எவ்வளவு மேடாச்சு என்று ஆளுக்கொரு ஞாபகம். "நீதான் வருஷா வருஷம் சுத்திச் சுத்தி எடுக்குறியே, கிராம சபைக்கு நாலு நல்ல படமாக் கொண்டா மாப்ளே" என்றார்கள். 2021 தையையும் 2024 தையையும் கணினியில ஒண்ணு மேல ஒண்ணு வச்சேன். 0 டிகிரி ஒண்ணு, கல்லு ஒண்ணு, அதனால மலை அப்படியே பொருந்துது. மாறினது மட்டும் தெரியுது. 2, 3-வது படத்துல கருவேல் தண்ணிக்குள்ள இறங்கியிருக்கு. 4-வதுல கலிங்குச் சுவர் ஒரு பக்கம் பேந்திருக்கு. 11-வது படம் 300 டிகிரி, வரத்து வாரி கண்மாய்க்குள்ள நுழையிற வாய். 2021-ல அங்கே இருக்கிற இரட்டைப் பனை வரப்புக்கு வெளியே, வாரிப் புறம்போக்குல நிக்குது. 2024-ல ரெண்டு பனையும் வயலுக்குள்ள.

அந்த வயல் எங்க சித்தப்பாவோடது.

நாலு படம் போதும்னுதான் கேட்டாங்க. நாலு படத்தை நானே பொறுக்கினா 11 வராம பார்த்துக்கலாம். சுத்தி எடுத்ததுல அந்தச் சலுகை கிடையாது. ஒண்ணை உருவினா மலைக்கும் கரைக்கும் நடுவுல ஓட்டை விழும், எவனும் கேப்பான். சபைக்கு முந்தின நாள் சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கிட்டு சித்தப்பா வீட்டுத் திண்ணைக்குப் போனேன். ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திக் காட்டினேன்.

"பனை நடந்து வந்துருச்சோ என்னமோ" என்றார்.

"பனை நடக்கலை சித்தப்பா. பன்னெண்டையும்தான் நாளைக்கு வைக்கப் போறேன். ஒங்களுக்குத் தெரியாம வைக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். "மழை காலத்துல கரைஞ்ச வரப்பைத் திருப்பிக் கட்டுறப்ப ஆள் விட்டுக் கட்டினது" என்றார். அப்புறம், "அண்ணன் இருந்திருந்தா கயிறு புடிச்சு அளந்திருப்பாரு. நீ படம் புடிச்சு அளக்கிறே. அவ்வளவுதான் வித்தியாசம்." கோபமா சொன்னாரா, இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. சித்தி காப்பி கொடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன்.

சபையில பன்னெண்டையும் ஒட்டி நீளமா ஒரே படமா, மூணு வருஷம் இடைவெளியில ரெண்டு வரிசை. ஓரிடத்துல நின்னு எடுத்த படம் கோணத்தைச் சொல்லும், அடியைச் சொல்லாது, அளவு வேணும்னா சர்வேயர் சங்கிலிதான் பேசணும் என்று நானே எழுந்து சொன்னேன். வாரி முழுக்க அளக்க மனு போட்டிருக்காங்க. சித்தப்பா அன்னைக்கு வரலை. அதுக்கப்புறம் கரையில எதிர்ப்பட்டா "என்ன, சுத்தியாச்சா?" என்று மட்டும் கேட்பார். வரப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கு.

வைகாசி நெருங்குது. தட்டுல மண்ணு ஏறி, 300 டிகிரிப் பக்கம் திருப்புறப்ப கரகரன்னு பிடிக்குது. பிரிச்சு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால துடைச்சு, துளி கிரீஸ் வச்சு மாட்டணும். எண்ணெய் வேண்டாம், புழுதியை இழுத்து ஒட்ட வச்சுக்கும்.