ஒரு பட்டுப்புடவைக்கு எத்தனை கிலோ இலை?

ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள். ஜரிகை அசலா என்று கேட்பார்கள். சாயம் போகுமா என்று கேட்பார்கள். இலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால், புடவை தொடங்குவதே இலையில்தான்.

கணக்கு எளிது. ஒரு புடவைக்குச் சுமார் அரை கிலோ பட்டு நூல் தேவை. ஒரு கிலோ நூல் எடுக்க ஆறு, ஏழு கிலோ பட்டுக்கூடு வேண்டும். ஒரு கிலோ கூடு கிடைக்கப் புழுக்கள் 12, 13 கிலோ மல்பெரி இலையைத் தின்கின்றன. ஆக, ஒரு கல்யாணப் புடவைக்குப் பின்னால் ஏறக்குறைய 40 கிலோ இலை இருக்கிறது.

ஆரணியில் தறி வீட்டில் பிறந்த பெண் ஒருவருக்கே இந்தக் கணக்கு தெரியாது. சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றுவதுதான் அவர் வேலை. "பட்டு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டிருந்தா, முதலாளி கடையிலேர்ந்துன்னு சொல்லியிருப்பேன்" என்று சிரிக்கிறார். பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகுதான், ஒரு ஏக்கர் மல்பெரித் தோட்டம் அவர் கைக்கு வந்தது.

செடிக்குச் சோறு

தோட்டத்தில் இருப்பது வி-1 ரகம். மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் வெளியிட்டது. அகலமான, தடித்த, பளபளக்கும் இலை. ஒருமுறை நட்டுவிட்டால் பத்து, பதினைந்து வருடத்துக்கு இலை தரும். ஆனால், வருடத்துக்கு ஐந்து முறை செடியைத் தண்டோடு வெட்டி எடுப்பதால், அதற்குப் பசியும் அதிகம்.

ஏக்கருக்கு வருடம் எட்டு டன் தொழு உரம், இரண்டு தவணையாக. அதோடு தழைச்சத்து 140 கிலோ, மணிச்சத்து 56, சாம்பல்சத்து 56. இதை மொத்தமாகக் கொட்டக் கூடாது. ஒவ்வொரு கவாத்துக்குப் பிறகும் களை எடுத்து, புதுத் துளிர் விட்டதும், ஐந்தாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வரிசைகளுக்கு நடுவே சணப்பு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மண்ணும் பொலபொலப்பாகும்.

முதல் வருடம் மருமகள் ஆர்வத்தில் யூரியாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். இலை கரும்பச்சையாக, அகலமாக வந்தது. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, இலையைப் பார்த்தா அழகாத்தான் இருக்கு. ஆனா தண்ணியா இருக்கே. இதைத் தின்னா புழுவுக்கு வயிறு கெட்டுப்போகும்."

"அப்படியா அத்தை? செடி நல்லா இருந்தா போதும்னு நெனச்சேன்."

"செடிக்கா சோறு போடறோம்? புழுவுக்குத்தானே!"

மல்பெரி வளர்ப்பின் பாடம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. வேறு பயிரில் செடி செழித்தால் பாதி வெற்றி. இங்கே செடி செழிப்பது மட்டும் போதாது. அதைத் தின்னும் வாய்க்கு அது ஒத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து அடிக்க முடியாத பயிர்

பூச்சி வந்தால் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகும். பட்டுப்புழுவும் ஒரு பூச்சியினம்தானே? செடியில் இருக்கும் பூச்சியைக் கொல்லும் மருந்து, இலை வழியாகப் போய்ப் புழுவையும் கொல்லும்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளியோடு மல்பெரியையும் பிடித்துக்கொண்டது. வெள்ளை மெழுகு போர்த்திய பூச்சி. மருந்து எளிதில் உள்ளே இறங்காது. தோட்டத்தையே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

கடைசியில் காப்பாற்றியது ஒரு குட்டிக் குளவி. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம் மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும்; உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். பட்டுப்புழுவைத் தொடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களில் தோட்டங்கள் மூச்சு விட்டன.

வேலிக்கு அந்தப் பக்கம்

தன் தோட்டத்தில் மருந்து அடிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டம்?

இந்தப் பெண்ணுக்கு அந்த அடி விழுந்தது ஒரு கார்த்திகையில். நூறு முட்டைத் தொகுதி, அதாவது நாற்பதாயிரத்துக்கும் மேல் புழுக்கள். கடைசிப் பருவம், இன்னும் மூன்று நாளில் கூடு கட்டிவிடும். தின்னும் மொத்த இலையில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் இந்தப் பருவத்தில்தான் போகும் என்பதால், ஓர வரிசைகளையும் வெட்டிப் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் கத்திரிச் செடிக்கு முந்தின மாலை மருந்து அடித்திருந்தார்கள். இரவில் புழுக்கள் தலையைத் தூக்கித் துடித்தன, பச்சையாகக் கக்கின. விடிந்தபோது தட்டுகளில் அசைவே இல்லை.

வீட்டில் சண்டைக்குப் போகச் சொன்னார்கள். அவர் பேசப் போனார்.

"அண்ணா, உங்க செடிக்கு நீங்க மருந்து அடிக்காம இருக்க முடியாது. ஆனா ரெண்டு நாள் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"காத்துல அங்க வரும்னு சத்தியமா தெரியாதும்மா. இனிமே சொல்லாம தொடமாட்டேன்."

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. தகவல் வந்ததும் ஓர வரிசைகளை முன்கூட்டியே வெட்டிக்கொள்கிறார். மருந்து அடித்த பிறகு அந்தப் பக்கத்து இலையை இரண்டு வாரம் தொடுவதில்லை. இலை கொஞ்சம் வீணாகிறது. புழு பிழைக்கிறது.

கூடுகளைத் தருமபுரி அரசுப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து நூற்பு, முறுக்கு, சாயம் என்று பல கை மாறும். ஆரணித் தறியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய தம்பியிடம் அந்த நூல் வந்து சேருமா என்று சொல்லவே முடியாது. ஆனாலும் போனில் பேசும்போதெல்லாம் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்தத் தடவை வந்த பாவுல இழை அறுபடுதாடா?"

இல்லை என்று சொன்னால் அவருக்கு ஒரு சந்தோஷம். எங்கோ யாரோ ஒரு செடிக்கு அளவாகச் சோறு போட்டிருக்கிறார்கள்.