ரார்சானின் பிறப்புப் பதிவு



யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருண்டிருந்த 1990களில், அயலவர் முற்றத்தில் ஜெனரேற்றரின் இரைச்சலுக்கிடையே சிறுவனாகிய நான் கண்டு வியந்த கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஒன்றுண்டு. அதிலே ரார்சானாகத் தோன்றிய ஜொனி வைஸ்முல்லரின் வாழ்க்கையைக் கடந்த தவணையில் எம் வகுப்பில் எடுத்துரைத்தேன்.

1904ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று ருமேனியாவில் அடங்கும் ஃபிரைடோர்ஃப் என்னும் சிற்றூரில், ஜெர்மன் மொழி பேசும் குடும்பத்திலே பிறந்தவர் அவர். மறு ஆண்டே கைக்குழந்தையாக அமெரிக்கா சேர்ந்தார். சிக்காகோவில் நீச்சல் பயின்றார். 1922இல் 100 மீற்றரை 58.6 விநாடிகளில் நீந்தி, அத்தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்த முதல் மனிதரானார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 3, 1928 அம்ஸ்ரடாமில் 2 என 5 தங்கப் பதக்கங்களை வென்றார். 1927இல் மிச்சிகன் ஏரியில் படகொன்று கவிழ்ந்தபோது தம்பி பீற்றருடன் நீரிற் பாய்ந்து 11 பேரைக் காப்பாற்றினார். 1932 முதல் 1948 வரை 12 படங்களில் ரார்சானாக நடித்தார்.

ஆனால், 1924இல் அமெரிக்க அணியில் இடம்பெறக் குடியுரிமைச் சான்று வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிறந்த பீற்றரின் பிறப்புப் பதிவு அவருடையதாகக் காட்டப்பட்டது. தாம் அங்கேயே பிறந்தவர் என்று உலகுக்குக் கூறியவாறே வாழ்ந்து, 1984இல் மறைந்தார்.

“அது பொய்தானே, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

என்னால் உடனே விடையளிக்க இயலவில்லை. ஊரிலே, பொய் சொல்லலாகாது என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். ஆயினும் இந்நாட்டு விமான நிலையத்தில் நான் நீட்டிய கடவுச்சீட்டில் இருந்தது என் முகம், பெயரோ வேறொருவருடையது. பின்னர் அதிகாரியின் முன் அமர்ந்து என் சொந்தப் பெயரை உரைத்தபோது, அச்சத்தினும் மேலாக ஆறுதலே அடைந்தேன்.

மறுவாரம் அம்மாணவியிடம் இதனையும் சொல்லிவிட்டுக் கூறினேன்: “ஓம் பிள்ளை, அது பொய்தான். அவர் பெற்ற பதக்கங்கள் மெய்; நீந்தியவர் அவரே. ஆனால் பிறந்த ஊரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் 60 ஆண்டுகள் வாழ்ந்தாரே, அதை நினைத்துத்தான் இரங்குகிறேன்.”

பிள்ளைகளே, உங்கள் பெற்றோரின் ஊரை மறைக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது, அவ்வூரின் பெயரை அவர்களிடம் கேட்டு, பிழையின்றித் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.